செல்வராணிக்குக் கால் நோ

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. வெளியே மாரி மழை. தேத்தண்ணியோடு கதிரையில் சாய்ந்தேனோ இல்லையோ, போன் அலறியது. கனடாவிலிருந்து தம்பி பிரபா.

பழைய வாசகர்களுக்கு இவனைத் தெரியும். புளியங்கூடலில் எங்கள் வீட்டு கேட்டுக்கு என்ன நிறம் பூச வேண்டும் என்று அங்கிருந்துகொண்டே தீர்மானிக்கிறவன்!

"அக்கா, இந்தக் கோச்சுக்கு விசர்! முழு விசர்!"

யாருக்குப் பைத்தியம் பிடித்ததோ என்று பதறிப்போனேன். பார்த்தால்... பாஸ்கட்போல். அவன் உயிரை வைத்திருக்கும் டீம், போன வருஷம் பேர்பெற்ற ஆட்டக்காரர்களை எல்லாம் வேறு டீம்களுக்குக் கொடுத்துவிட்டது. சின்னப் பெடியன்களை வைத்து அடியிலிருந்து கட்டி எழுப்புகிறார்களாம். சீசன் தொடங்கி மூன்று கிழமைதான். தோல்வி... தோல்வி... ஒரே ஒரு வெற்றி... மறுபடியும் தோல்வி.

போனை டிவி பக்கம் திருப்பினான்.

"அந்த நெடுவலைப் பாருங்கோ. பத்தொன்பது வயசு. எறியிறது ஒண்டும் விழுகுதில்லை. ஆளை வெளியிலை எடுக்கலாம்தானே? எடுக்கமாட்டாராம்!"

பார்த்தேன். சீசனின் முதல் ஆட்டத்தையும் பிரபா இப்படித்தான் எனக்குக் காட்டினான். அன்றைக்கு அந்தப் பெடியன் தவறவிட்ட ஒவ்வொரு முறையும் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தான். எடுத்துவிடப் போகிறார்களோ என்ற பயம். இந்த முறையும் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. ஆனால் பெடியன் பெஞ்சைப் பார்க்கவில்லை. எதிராளியை மறிக்கத் திரும்பி ஓடினான்.

"தம்பி, உவன் தேறிட்டான்" என்றேன்.

"உங்களுக்கென்ன பாஸ்கட்போல் தெரியும்?"

பாஸ்கட்போல் தெரியாதுதான். பெஞ்சைப் பார்க்கிறது எனக்குத் தெரியாதா?

சண்டையால் இடம்பெயர்ந்து போய் ஊர் திரும்பியிருந்த காலம் அது. பள்ளிக்கூடத்து வலைப்பந்து டீமில் ஆள் இல்லை. ஒருத்தி வவுனியாவில், ஒருத்தி லண்டனில், இன்னொருத்தி கல்யாணம் கட்டிவிட்டாள். தேடிப் பிடித்ததில் எட்டுப் பேர். ஆட வேண்டியது ஏழு பேர். அந்த எட்டாவது ஆள் — நான்!

கப்டன் செல்வராணி. எழுவைதீவிலிருந்து தினமும் படகில் வந்து படித்தவள். கோல் போடுவதும் அவள்தான். கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் வளையத்துக்குள் விழும். ஒரே கஷ்டம், நாலு மணிக்குக் கடைசிப் படகு. பெரிய போட்டிகளையோ மூன்று மணிக்குத்தான் வைப்பார்கள். வைக்கிறவர்கள் யாராவது படகில் வீட்டுக்குப் போகிறவர்களா என்ன?

சனிக்கிழமைக் காலைகளில் பழகுகிற ஆட்டங்கள் நடக்கும். படகுக்கு எவ்வளவோ நேரம் இருக்கும். ஆனால் பாதி ஆட்டத்தில் செல்வராணி நொண்டிக்கொண்டு வருவாள்.

"எடி, கால் நோகுது. நீ இறங்கு."

இறங்குவேன். எறிவேன். விழாது. உடனே பெஞ்சைப் பார்ப்பேன். அவள் குனிந்து காலைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். நிமிரவே மாட்டாள். அடுத்த சனியும் இதே கதை. தோற்றுக்கொண்டே இருந்தோம். மற்றப் பிள்ளைகள் என்னை முறைத்தார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை வெடித்துவிட்டேன். "கால் நோகுதெண்டால் வீட்டிலை கிடவன்டி! ஏன் என்ரை மானத்தை வாங்கிறாய்?"

"நோகுதே, நான் என்ன செய்ய?" என்றாள். சிரிப்பு வேறு! அதோடு அவளுடன் பேச்சை விட்டேன்.

நாலாவது சனி, பெஞ்சைப் பார்ப்பதையும் விட்டேன். அவள் உச்சந்தலையை எத்தனை தரம்தான் பார்ப்பது? வளையத்தைப் பார்த்து எறிந்தேன். இரண்டு விழுந்தது.

பிறகு வந்தது வலயப் போட்டி. வென்றால் யாழ்ப்பாணம் போய் ஆடலாம். வழக்கம்போல மூன்று மணிக்கு. முக்கால்வாசி ஆட்டம் முடிய, நாலு மணிக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. இரண்டு பக்கமும் சமன். கோல் போடுகிறவள் என்று காட்ட நெஞ்சில் கட்டியிருந்த எழுத்துத் துணியைச் செல்வராணி கழற்றி என் தலைவழியே மாட்டினாள்.

"வள்ளத்துக்கு நேரமாச்சு. நீ போடு."

சொல்லிவிட்டுப் புத்தகப் பையோடு இறங்குதுறைக்கு ஓடினாள். நான் போட்டேன். ஒரே ஒரு கோலால் வென்றோம்! மறுநாள் காலை அவள் படகால் இறங்க, எல்லோரும் ஓடிப்போய்ச் சொன்னார்கள். "எனக்குத் தெரியும்" என்றாள். அவ்வளவுதான்.

வென்ற சந்தோஷத்தில் மறுபடி பேசினோம். ஆனாலும் அவள் என்னை மாட்டிவிட்டுச் சும்மா இருந்தாள் என்ற கறள் என் மனதிலிருந்து போகவே இல்லை. கல்யாண வீடுகளில் இதைப் பகிடியாகச் சொல்லியிருக்கிறேன்: 'எங்கடை கப்டன், பாதி ஆட்டத்திலை இளைப்பாறப் போயிடுவா!' எல்லோரும் சிரிப்பார்கள்.

"பெஞ்சிலை இருக்கிற அந்தப் பெரியவன் ஆர்?" என்று பிரபாவிடம் கேட்டேன்.

"அவன்தான் டீமிலை மிஞ்சின ஒரே நல்ல ஆட்டக்காரன்."

"காயமோ?"

"ஒரு காயமும் இல்லையக்கா! பெடியன் இப்பவே பிழைவிட்டுப் பழகட்டுமாம். அதுக்காக இவனைச் சும்மா இருத்தி வைச்சிருக்கினம். விசர்தானே?"

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு இறங்குதுறை ரோட்டில் செல்வராணி ஓடின ஓட்டம் ஞாபகம் வந்தது. பை முதுகில் துள்ள, அப்படியொரு ஓட்டம்! அதில் நொண்டல் எங்கே இருந்தது? கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக அவளைச் சோம்பேறி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேனே... மடைச்சி!

பிரபாவின் போனை வைத்துவிட்டு உடனே எழுவைதீவுக்கு எடுத்தேன். செல்வராணி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன். ஆனால் வாயில் வந்தது இவ்வளவுதான்:

"செல்வராணி... உன்ரை கால் நோ இப்ப எப்பிடியடி?"

அவள் கேட்டாள்:

"எந்தக் கால்?"