யாரும் கேட்காமல் காத்த குரல்

வாகரைப் பக்கம் காணாமல்போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார் சங்கம் ஒன்று இருக்கிறது. சங்கம் என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். களப்புக் கரையில் ஓர் அறை, நாலு பிளாஸ்டிக் கதிரை, ஒரு மேசைக் கணினி, அவ்வளவுதான். அந்தக் கணினிக்குப் பொறுப்பாக இருந்தவள் கலாஜினி. தானும் ஒரு தமையனை அப்படிப் பறிகொடுத்தவள் என்பதால் தாய்மார் அவளை நம்பினார்கள்.

அவள் வேலை செய்த முறை தனி. தாயைக் கணினிக்கு முன்னால் இருத்தி, ஒலிப்பதிவைத் தொடக்கிவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை அந்தப் பெண்கள் தனியே இருந்து சொல்லி அழுதார்கள். குடும்பத்தார் வந்து கேட்கும்வரை அதை வேறொருவரும் கேட்பதில்லை என்பது அவள் கொடுத்த வாக்கு. ஒருநாளும் ஒட்டுக்கேட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கணினியை ஆயத்தம் செய்து கொடுத்தவன் ஓட்டமாவடியில் திருத்தும் கடை வைத்திருக்கும் இஷாம். உபுண்டு இயங்குதளம் போட்டு, வட்டு முழுவதையும் மறைகுறியாக்கிவிட்டான். இயக்கியதும் கடவுச்சொல் கேட்கும். அது கலாஜினியின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. பிறகு ஒரு பென்டிரைவையும் கையில் கொடுத்தான்.

“அக்கா, வட்டுல முன்பக்கம் ஒரு சின்ன இடம் இரிக்கி. பூட்டு அதுலதான். அது பழுதாப் போனா கடவுச்சொல் சரியா இருந்தாலும் துறக்காது. அந்த இடத்துக்குப் பிரதிதான் இது. ஆருக்கிட்டப் போனாலும் கடவுச்சொல் இல்லாம ஒண்டும் செய்யேலாது. பயப்பிடாம வேற எங்கயாவது வைங்க.”

பதிவுகளுக்கும் ஒரு பிரதி எடுக்கச் சொன்னான். அவள் மறுத்துவிட்டாள். இரண்டு பிரதி என்றால் இரண்டு பயம்.

ஒருநாள் பாலசுந்தரி வந்தாள். மகன் கிருஷாந்தைக் கொண்டுபோனது யார் என்று கண்ணால் கண்டவள் அவள் ஒருத்திதான். மகள் இராசாத்தியிடம்கூட அதுபற்றி வாய் திறந்ததில்லை. பேசி முடித்து வெளியே வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

“எல்லாத்தையும் சொல்லித்தன் மகள். நான் செத்தாப் பொறகு இராசாத்திக்குப் போட்டுக் காட்டு.”

சில மாதங்கள் போயின. ஒரு காலை தொலைபேசியில் சேதி வந்தது: சிவில் உடுப்பில் இரண்டு பேர் சங்கத்தை விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். கலாஜினி கணினியை நிறுத்தினாள். அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். கை கேட்கவில்லை. சுற்றிவளைப்பு என்றால் கடிதம், படம் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுப் பழகிய ஊர் இது. இஷாம் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் அந்த நேரம் எங்கே போனதோ! பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஓடி, பாலத்தில் நின்று களப்புக்குள் எறிந்தாள். எறிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

வந்தவர்கள் கடவுச்சொல்லைக் கேட்டார்கள். அவள் கொடுக்கவில்லை. கேட்ட விதத்தை இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கனநாள் கழித்துத் திருப்பித் தந்தபோது அது கடவுச்சொல்லே கேட்கவில்லை. கறுப்புத் திரையில் ஏதோ பிழை என்று எழுதிவிட்டு நின்றது.

இஷாம் வட்டைக் கழற்றித் தன் கணினியில் இணைத்துப் பார்த்தான்.

“முன்பக்கத்துக்கு மேலால என்னத்தையோ எழுதிரிக்காங்க. பரவாயில்ல அக்கா, அந்தப் பென்டிரைவத் தாங்க.”

“களப்புக்குள்ள எறிஞ்சித்தன்” என்றாள்.

அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். “யா அல்லாஹ்” என்று மட்டும் சொல்லிவிட்டு, குனிந்த தலை நிமிராமல் திருகாணிகளைப் பூட்டினான்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு பாலசுந்தரி செத்துப்போனாள். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு இராசாத்தி சங்கத்துக்கு வந்தாள்.

“அம்மா சொன்னதக் கேக்க வந்திரிக்கன் அக்கா.”

கலாஜினி எதையும் மறைக்கவில்லை. கடவுச்சொல் இன்னும் நினைவிருப்பதையும், அது இனி ஒன்றுக்கும் உதவாது என்பதையும், பாலத்தில் நின்று தான் செய்த மடத்தனத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இராசாத்தி அழவில்லை.

“அப்ப நீங்களாவது சொல்லுங்க. அண்ணன ஆரு கொண்டுபோன எண்டு அம்மா சொன்னா?”

“நான் கேக்கல்ல, இராசாத்தி. கதவச் சாத்தித்து வெளிய நிண்டன். அம்மாக்குக் குடுத்த வாக்கு அது.”

இராசாத்தி திரும்பி அந்தக் கதவைப் பார்த்தாள். மெல்லிய பலகைக் கதவு. கீழே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

“ஒரு சொல்லுகூடவா காதுல விழல்ல அக்கா?”

விழுந்திருக்கும். உள்ளே பாலசுந்தரி அன்று அலறியே சொன்னாள். வாக்குத் தவறிவிடக் கூடாதே என்று கலாஜினி இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு நின்றாள். இப்போது அந்தக் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.