மாமா சத்தத்தைக் குறைத்த இடங்கள்

என் எழுதும் மேசையில் ஒரு கறுப்புக் குமிழ் கிடக்கிறது. பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். விளிம்பு முழுக்க வரிவரியாகப் பிடிமானம், தலையில் ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டில் பாதி அழிந்துபோயிருக்கிறது. மாமாவின் கட்டைவிரல் அழித்தது. எழுத்து ஓடாத மதியங்களில் அதை எடுத்து உருட்டிக்கொண்டிருப்பேன். எதனோடும் மாட்டியிராத குமிழை இடப்பக்கம் திருப்பினால் எந்தச் சத்தமும் குறையப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் திருப்பும்போதெல்லாம் கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெரு ஒரு கணம் அடங்கிப்போகிறது.

மாமா என் அம்மாவின் தம்பி. கேபிள் டிவி தெருத்தெருவாகப் பரவிய காலத்தில், எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறையிலிருந்து மூன்று தெருக்களுக்கு இணைப்புக் கொடுத்தவர். வெளியிலிருந்து வந்த சேனல்களோடு அவருடைய சொந்தச் சேனல் ஒன்றும் உண்டு. சாயங்காலமானால் அதில் ஒரு படம் போடுவார். மாடியை அவருக்கு விடும்போது அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "ரூம எட்த்துக்கோ. வாடகைலாம் வாணாம். ஆனா அந்த மாதிரி வார்த்த ஒண்ணு கூட என் ஊட்ல கேக்கக் கூடாது."

அந்த மாதிரி வார்த்தை எது என்று மாமா கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்.

மதியத்தில் மாமா படத்தைத் தனியாக ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துவிடுவார். சாயங்காலம் எல்லோர் வீட்டிலும் படம் ஓடும்போது, அவர் மாடி அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழில் கையை வைத்திருப்பார். வில்லனுக்குக் கோபம் ஏறும். கதாநாயகன் சட்டைக் கையை மடக்குவான். வார்த்தை வாயிலிருந்து விழும் நேரத்துக்குக் குமிழ் சுற்றிவிடும். வாய்கள் அசையும், சத்தம் வராது. வசை முடிந்ததும் பாட்டோ அடிதடியோ மெல்ல மேலேறி வரும்.

மூன்று தெருக்களிலும் ஒரே படம் ஓடியதால் அந்த மௌனமும் ஒரே நேரத்தில்தான் இறங்கும். அதை இப்போது யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. கடைக்குப் போய் வரும் வழியில் ஒரு வீட்டு ஜன்னலில் தொடங்கிய வசனத்தை அடுத்த வீட்டு ஜன்னலில் முடியக் கேட்டபடி நடந்து வருவேன். திடீரென்று எல்லா வீடுகளும் சேர்ந்து வாயை மூடிக்கொள்ளும். ஜன்னல்களில் நீல வெளிச்சம் மட்டும் அலையும். யாரோ ஒருவர் வீட்டுக் குக்கர் விசில், தூரத்தில் ஆவடிப் பக்கம் போகிற மின்ரயில், மாமா கட்டிய கறுப்பு ஒயர்கள் காற்றில் முருங்கை மரத்தில் உரசும் சத்தம் எல்லாம் கேட்கும். பிறகு தெரு மறுபடி பேச ஆரம்பிக்கும். சினிமாவில் மனிதர்களுக்குக் கோபம் உச்சத்துக்குப் போனால் குரல் போய்விடும் என்றுதான் நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது எனக்கு மிகவும் அழகாகவும் பட்டது. தண்ணீருக்கு அடியில் நின்று சண்டை போடுகிறவர்கள் போல இருப்பார்கள்.

இத்தனையும் செய்த மாமாவின் வாய் இருக்கிறதே, அதைப்போல ஒரு வாயை அம்பத்தூர் வட்டாரத்திலேயே பார்க்க முடியாது. கம்பத்தில் ஏறினார் என்றால் பொழியும். ஒயரைக் கடித்த அணிலுக்கு, கிளையை வெட்டவிடாத வீட்டுக்காரருக்கு, மழைக்கு, மழை வராததற்கு, எல்லாருக்கும் பங்கு உண்டு. "டேய் சோமாரி, கனெக்‌ஷன் கட்டாச்சுன்னா போன் பண்ணுவியா, நீயே ஒயர இஸ்துகினு இருப்பியா, பேமானி?" என்பதெல்லாம் அவருடைய வணக்கம். அதற்கு மேலே போகிறவைதான் வசவுகள். திட்டு வாங்கியவன் அடுத்த நிமிடம் அவருக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். "அண்ணாத்தே திட்டலன்னாதான் பயமா கீது" என்பார்கள் பையன்கள்.

அம்மா வாசலில் தென்பட்டால் மட்டும் எல்லாம் நிற்கும். பாதி வார்த்தை வெளியே வந்திருக்கும். மீதியை விழுங்கிவிட்டு இருமுவார். ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு, தொண்டையில் ஏதோ சிக்கியது மாதிரி அப்படி ஒரு இருமல். தெருவே சிரிக்கும். "யக்கா வந்துட்டாங்க போல" என்று வீட்டுக்குள் இருந்தபடியே சொல்வார்கள்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறியது. மதியம் பார்த்த சிடி தட்டு கீறல் விழுந்து நின்றுபோனதால், அதே படத்தின் வேறொரு தட்டை இரவல் வாங்கிப் போட்டிருக்கிறார். அதில் ஒரு பாட்டு வெட்டப்பட்டிருந்தது. மாமா பாட்டை அடையாளமாக வைத்துக்கொண்டு காத்திருக்க, பாட்டு வரவே இல்லை; வார்த்தை வந்துவிட்டது. முழுச் சத்தத்தில் மூன்று தெருக்களிலும் வந்தது. பதறிப்போய் அவர் குமிழைத் திருப்பிய நேரத்தில் படத்தில் ஒரு தாய் மகனைப் பிரிந்து அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகைதான் எங்களுக்குக் கேட்கவில்லை.

அம்மா எழுந்து டிவியை அணைத்தாள். பின்கட்டுக்குப் போய்க் கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். மாமா மாடியிலிருந்து இறங்கி வந்து வாசற்படியில் நின்றார். உள்ளே வரவில்லை. மறுநாள் கீரை ஆய்ந்துகொண்டே அம்மா என்னிடம் சொன்னாள்: அவளுடைய அப்பா, அதாவது என் தாத்தா, அவளுடைய அம்மாவை அடிப்பதற்கு முன்னால் அந்த வார்த்தையைத்தான் சொல்வாராம். முதலில் வார்த்தை, பின்னால் கை. "அது காதுல வுந்தா இன்னும் எனுக்கு முதுகு கூசும்" என்றாள். அக்காவும் தம்பியும் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வார்களாம். அக்கா தம்பியின் காதைப் பொத்துவாளாம்.

அதே வார்த்தை அவளுக்கு அடியாக இருந்தது. யாருடைய காதை அவள் பொத்தினாளோ அந்தத் தம்பிக்கு வளர வளர விளையாட்டாகிவிட்டது. இது எப்படி நடந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் இப்போது வசனம் எழுதிப் பிழைக்கிறேன். இணையத்தில் வரும் ஒரு தொடருக்கு, எங்கள் பக்கத்துக் கேபிள்காரர் ஒருவரைப் பற்றிய கதை. மாமாதான், வேறு யார். இயக்குநர் நல்ல பையன், பொறுமைசாலி, ஆனால் ஊரின் வசதியான அந்தப் பக்கத்தில் வளர்ந்தவர். நான் எழுதிக் கொடுத்ததை வாங்கி, வரிக்கு ஒரு கெட்ட வார்த்தை செருகித் திருப்பி அனுப்பினார். "ரியலா இருக்கணும் மேடம். உங்க ஏரியால இப்படித்தானே பேசுவாங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஏரியாவில் இப்படித்தான் பேசுவார்கள் என்பது உண்மை. எங்கள் ஏரியாவில் இப்படிப் பேசமாட்டார்கள் என்பதும் உண்மை. கெட்ட வார்த்தையே வேண்டாம் என்று கொடி பிடிக்கிற கட்சியில் நான் இல்லை. மாமாவின் வாயைச் சுத்தமாகக் கழுவிவிட்டுத் திரையில் நிறுத்தினால் அது யாரோ ஒரு கேபிள்காரர். ஆனால் இவர்கள் காட்டுகிற ஆளுக்கு அக்காவும் இல்லை, இருமலும் இல்லை. அதை எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியாமல், கடைசிக் காட்சிகளை எழுதாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் இருமலைப் பற்றி மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. போன வருடம் மாமா இருமிக்கொண்டே இருந்தார். நாங்கள் சிரித்தோம். "இன்னா, வார்த்தய முழுங்குறியா?" என்று அம்மாவே கேலி செய்தாள். அவரும் ஆமாம் என்று தலையாட்டிச் சிரித்தார். வேறு வீடாக இருந்தால் அந்த இருமலுக்கு முதல் வாரமே டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். எங்கள் வீட்டில் அது பழைய வேடிக்கை. ரத்தம் வந்த பிறகுதான் பயந்தோம். தொண்டையில் புற்றுநோய். உயிரைக் காப்பாற்றக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு மாமா எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். கழுத்தில் ஒரு சிறு துளை, அதன்மேல் மெல்லிய துணி. எழுதிக் காட்டச் சொன்னால் பேனாவைத் தூக்கிப் போடுவார். வாயை அசைத்துத்தான் பேசுவார், சத்தம் வராது. முதல் தடவை அவர் அப்படி ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கையைத் திட்டியதை நின்று பார்த்தேன். கோபம் உச்சத்துக்குப் போய்க் குரல் போன மனிதர். என் சின்ன வயதுச் சினிமாவிலிருந்து ஒருவர் இறங்கி வந்து ஈசி சேரில் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய உதட்டை முழுதாகப் படிக்கத் தெரிந்தது அம்மாவுக்கு மட்டும்தான். வருகிறவர்களுக்கு அவள்தான் சொல்வாள். ஆனால் அம்மா சொல்வதில் எப்போதும் ஏதோ குறையும். மாமாவின் உதடுகள் நீளமாக ஏதேதோ சொல்லியிருக்கும். புருவம் ஏறி இறங்கியிருக்கும். அம்மா, "ஃபேனக் கொஞ்சம் கொறைக்கச் சொல்றான்" என்பாள். மாமா அவளை முறைப்பார். அம்மா வேறு பக்கம் பார்ப்பாள். குமிழ் இப்போது அவள் கையில் இருந்தது. மாமா நாளாக நாளாக உதட்டை அசைப்பதையே குறைத்துக்கொண்டு வந்தார். பார்க்க வந்தவர்கள் "நல்லா அமைதி ஆய்ட்டாரு" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகை வந்தது. அந்த ஆளைப் போய் அமைதி என்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவர் எங்கள் கண் முன்னால் காணாமல் போய்க்கொண்டிருந்தார்.

போன மாதம் ஒரு சாயங்காலம், தொடரின் முதல் பகுதியை எடிட்டிங் முடிந்த நிலையில் அனுப்பியிருந்தார்கள். மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். கள்ளிக்குப்பம் மாதிரி ஒரு தெரு, கம்பம், ஏணி. ஏணியில் இருந்த நடிகர் வாயைத் திறந்தார். மாமாவின் கட்டைவிரல் தானாக ரிமோட்டுக்குப் போனது. சத்தம் இறங்கியது. ஏற்றினார், உடனே அடுத்த வசவு. இறக்கினார். கொஞ்ச நேரத்தில் ஏற்றுவதற்கே இடமில்லாமல் போய், காட்சி முழுக்க ஊமைப் படமாக ஓடியது. மாமா ரிமோட்டை மடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். நீளமாக ஏதோ சொன்னார்.

"இன்னாம்மா சொல்றாரு?" என்றேன்.

சமையலறை நிலைப்படியில் ஈரக் கையோடு நின்றிருந்த அம்மா, "நல்லால்லையாம்" என்றாள்.

மாமா நாற்காலியின் கைப்பிடியை ஓங்கி அடித்தார். இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி மறுபடி சொன்னார். அவர் கண் நிறைந்திருந்தது. தன் பேச்சுக்கு மிச்சமிருக்கிற ஒரே வழி அவள்தான் என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்து முடித்த பிறகும் துடைத்தாள். திரையில் அந்த நடிகர் சத்தமில்லாமல் திட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு அம்மா சொன்னாள். "இந்த..." என்று தொடங்கி, அந்த வார்த்தையை, அவள் முதுகைக் கூசவைக்கிற அதே வார்த்தையை, முழுதாகச் சொன்னாள். "இந்தப் பையனுக்குத் திட்டவே தெர்ல. திட்டணும்னா எதிர்ல ஒர்த்தன் நிக்கணும். இவன் சும்மா காத்தப் பாத்துத் திட்டினுகீறான்."

என் அம்மாவின் குரலில் மாமாவின் பேச்சு. இழுப்பு, வெட்டு, ஏற்ற இறக்கம் எதுவும் மாறவில்லை. அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. அவள் தம்பியைப் பார்த்து, "சரியா சொன்னேனாடா?" என்று கேட்டாள்.

மாமா இல்லை என்று தலையாட்டினார். உதட்டைக் குவித்து இன்னும் ஒன்றைச் சொல்லிக் காட்டினார். அவள் விட்டுவிட்டாளாம்.

"அட எடுபட்ட பயலே," என்று அம்மா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, அதையும் சொன்னாள். மாமா தோள் குலுங்கச் சிரித்தார், கழுத்துத் துணி படபடத்தது.

கடைசிக் காட்சிகளை எழுதி அனுப்பிவிட்டேன். ஏணியில் நிற்கிறவர் பாதி வார்த்தையில் அக்காவைப் பார்த்து இருமுகிற ஒரு காட்சி அதில் இருக்கிறது. அதை வைப்பார்களோ, வெட்டுவார்களோ தெரியாது. அம்மா இப்போது வருகிறவர்களுக்கு எல்லாவற்றையும் அப்படியே சொல்கிறாள். சிலர் சீக்கிரம் எழுந்து போய்விடுகிறார்கள். மாமா பழையபடி நாள் முழுக்கப் பேசுகிறார். இதை எழுதும்போதுகூட அடுத்த அறையில் அவருடைய பேச்சு ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பதென்னவோ அம்மாவின் குரல்.

அம்மா அன்று சொன்ன அந்த இரண்டு வார்த்தைகள் எவை என்று உங்களுக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கலாம். குமிழ் இதோ என் விரலில் இருக்கிறது, இடப்பக்கம் திருப்பிவிட்டேன். யாருக்குக் கேட்கவேண்டுமோ அவருக்குக் கேட்டாயிற்று.