தொட்டிக் கடலும் கரிக் கப்பலும்

சிவகாமசுந்தரிக்கு எந்தப் படமும் முடிவிலிருந்துதான் தெரியும். வாடகைக்குப் போன பிலிம் திரும்பி வரும்போது வால் வெளியே, தலை உள்ளே என்று சுற்றிக்கொண்டு வரும். அதை மறுபடி சுற்றித் தலையை வெளியே கொண்டுவரும் நேரத்தில், கிழிசல் இருக்கிறதா, ஓரத்துத் துளைகள் பிய்ந்திருக்கின்றனவா, ஒட்டு விட்டிருக்கிறதா என்று விரலாலும் கண்ணாலும் பார்த்துவிட வேண்டும். அதுதான் அவள் வேலை. ஆகவே அவள் கையில் முதலில் கல்யாணம் நடக்கும், பிறகு செத்த வில்லன் பிழைத்து எழுவான், சேர்ந்தவர்கள் பிரிவார்கள், கடைசியாகக் கதாநாயகன் குழந்தையாகித் தொட்டிலுக்குப் போய்ச் சேருவான். பத்து வருஷமாக இப்படித்தான்.

ஃபேரர் பார்க் மைதானத்துக்கு எதிரே, ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது அந்தப் பிலிம் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முதலாளி நூருல் அமீன், படம் ஓட்டும் அழகப்பன், பிலிம் பார்க்கும் சுந்தரி, இரண்டு புரொஜெக்டர், சுவரோரம் அடுக்கிய டின்கள், அவ்வளவுதான். துறைமுகக் குடியிருப்பு, ஜொகூர் ரப்பர் தோட்டம், கோயில் திருவிழா என்று எங்கே வெள்ளைத் துணி கட்டினாலும் அங்கே இந்தக் கம்பெனியின் டின் போகும். ஒவ்வொரு டின்னுக்குள்ளும் சுந்தரி எழுதிய சீட்டு ஒன்று இருக்கும். ‘ஓடும்’ என்று எழுதியிருந்தால் படம் ஓடும். ‘மூன்றாம் ரீலில் இரண்டு ஒட்டு, மெதுவாக விடவும்’ என்று இருந்தால், மெதுவாக விடாதவன் பாடு திண்டாட்டம்தான். ஒருமுறை அவசரத்தில் சீட்டில்லாமல் போன படம் பதினோரு இடத்தில் அறுந்து, அழகப்பன் தலையில் ஜனங்கள் ரம்புத்தான் பழத்தோலை வீசினார்கள். அன்றிலிருந்து சீட்டில்லாத டின்னை அவன் தொடுவதே இல்லை. முதலாளி சொன்னாலும் கேட்க மாட்டான்.

முதலாளி நல்ல மனிதர். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. படத்தைப் பார்க்கும் முன்பே நோட்டீஸ் அடித்துவிடுவார். 1958இல் ஒரு வியாழக்கிழமை காலை, ஈர மை மணக்கும் நோட்டீஸ் கட்டு ஒரு கையிலும் துருப்பிடித்த டின் ஒன்று மறு கையிலுமாக மாடிப்படி ஏறி வந்தார். மணிலாவிலிருந்து வந்த கப்பலில் வேலை பார்க்கும் ஒருவரிடம் அந்த டின்னை வாங்கியிருந்தார். அறுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவும் ஸ்பெயினும் கடலில் மோதிக்கொண்டபோது எடுத்த ஊமைப் படமாம். பழைய படத்திலிருந்து சின்னப் பிலிமுக்கு மாற்றிய பிரதி. ‘நிஜப் போர்! நேரில் எடுத்தது! குண்டு வெடிக்கும்போதே பிடித்த காட்சி!’ என்று நோட்டீஸ் முழங்கியது. சனிக்கிழமை மாலை தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர்களுக்காக நடக்கும் விழாவில் முதல் காட்சி.

சுந்தரி டின்னைத் திறந்து பிலிமை மேசையில் மாட்டினாள். முதலில் வந்தது வால்தானே? அதில் போர் ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு துறைமுகம். கரையோரம் பெரிய கப்பல் நிற்கிறது. கரையிலிருந்து கப்பலுக்கு நீளப் பலகைகள். தோளில் கரிக்கூடையுடன் ஆட்கள் வரிசையாகப் போகிறார்கள். ஒருவன் கூடையைக் கொட்டிவிடுகிறான், இன்னொருவன் கையை நீட்டித் திட்டுகிறான். ஒருவன் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு படம் எடுப்பவனையே பார்க்கிறான். கரித்தூள் எல்லாம் ஒரே பக்கமாகக் காற்றில் போகிறது. எந்தத் துறைமுகம், எந்த நாட்டு ஆட்கள் என்று எழுதியிருக்கவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு இதேதான்.

அதற்கு முன்னால் இருந்தது போர். கப்பல்கள் வரிசையாக வந்தன, புகை கக்கின, ஒன்று கவிழ்ந்து மூழ்கியது. சுந்தரி பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பிலிமை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினாள். குண்டு விழுந்து தெறித்த துளி ஒவ்வொன்றும் பீரங்கி அளவுக்கு இருந்தது. ரோவெல் சாலையில் அவள் குடியிருந்த வீட்டுக் குழாயடியில் தினமும் துத்தநாகத் தொட்டியில் துணி அலசுகிறவள் அவள். தொட்டியில் அலை எழுந்தால் விளிம்பில் மோதித் திரும்பி வரும். இந்தக் கடலிலும் அலை இரண்டு பக்கமும் மோதித் திரும்பி வந்தது. கடலுக்கு ஏது விளிம்பு? ஒரே ஒரு கட்டத்தில், ஓட்டினால் கண்ணிமைக்கும் நேரம்கூடத் தெரியாத ஒரே கட்டத்தில், முன்னால் வந்த கப்பலின் மூக்கிலிருந்து மெல்லிய நூல் ஒன்று நேராகப் போனது. யாரோ வெளியே நின்று இழுத்திருக்கிறார்கள். புகையும் சுருட்டுப் புகையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்தக் காலத்தில் எவனோ மெனக்கெட்டிருக்கிறான் பார் என்று சிரிப்புத்தான் வந்தது.

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடி வழியே நூலைப் பார்த்தார், கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு, நூல் யாருக்குத் தெரியப்போகிறது, ஓடுமா ஓடாதா என்று மட்டும் சொல் என்றார். ஓடும் என்றாள். அப்படியானால் அந்தக் கடைசித் துண்டை வெட்டி எறிந்துவிடு, சண்டை பார்க்க வருகிறவன் கரி மூட்டையா பார்ப்பான் என்றார்.

சுந்தரி கத்தரியை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

“முதலாளி, இந்த டின்னுல உண்மையா இருக்கறதே அந்தத் துண்டுதான். அத வெட்டிட்டு, தொட்டியில எடுத்தத நெசப் போர்னு காட்டச் சொல்றீங்க. அதுக்கு என் சீட்டு கிடைக்காது.”

சீட்டில் துளையும் ஒட்டும்தானே எழுதுவாய், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கும் உனக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் சத்தம் போட்டார். கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. வெட்டச் சொன்னதால்தான் சம்பந்தம் வந்தது என்றாள். முதலாளி அழகப்பனைப் பார்த்தார். அவன் ஜன்னல் வழியே மைதானத்தில் பந்து விளையாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு, சீட்டு வந்தால் எடுத்துப் போகிறேன் என்றான். ரம்புத்தான் தோலை அவன் மறக்கவில்லை.

முதலாளிக்கு வேறு வழி இருக்கவில்லை. நோட்டீஸ் ஊரெல்லாம் போய்விட்டது. கடைசியில் பந்தயம் கட்டுகிற மாதிரி ஒரு பேச்சு வந்தது. முழுப் படமும் ஓடட்டும். கரித்துண்டு வரும்போது கூட்டம் கூச்சல் போட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

“திங்கக்கிழமைலேர்ந்து நான் வரல. நீங்க வேற ஆளப் பாத்துக்குங்க” என்றாள் சுந்தரி.

அந்த வேலை அவளுக்கு உயிர். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று சொன்னவர்கள் முன்னால் பிடித்து வைத்திருந்த வேலை. ஆனாலும் சீட்டை எழுதினாள். ‘முதல் பகுதி தொட்டி. கடைசிப் பகுதி உண்மை. இரண்டும் ஓடும்.’ அதை டின்னுக்குள் வைத்து இறுக மூடினாள்.

அவள் புருஷன் மருதப்பன் தஞ்சோங் பகாரில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்ச் ஓட்டுகிறவன். சனிக்கிழமை விழாவில் அவன் சகாக்கள்தான் கூட்டமே. நடந்ததை அவனிடம் சொன்னாள். அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. நீ பார்த்தது சரியென்றால் சரிதான் என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.

சனிக்கிழமை வெளிச்சம் மங்கியதும் குடியிருப்புத் திடலில் துணி கட்டினார்கள். பாயிலும் கவிழ்த்த பெட்டியிலுமாக நானூறு பேர். கச்சாங் பூத்தே என்ற வறுகடலை விற்பவருக்கு நல்ல வியாபாரம். சுந்தரி பெண்கள் பக்கம் ஓரமாக உட்கார்ந்தாள். முதலாளி ஒலிபெருக்கியில், மாபெரும் வரலாற்றுச் சமரைக் கண்ணாரக் காணும் பேறு இந்தச் சீமைக்கே முதல்முறை என்று மேடைத் தமிழில் வெளுத்து வாங்கினார். படம் ஓடியது. கப்பல் கவிழ்ந்து மூழ்கியபோது கைதட்டல்கூட எழுந்தது. முதலாளி திரும்பிச் சுந்தரியைப் பார்த்தார்.

அவர் பார்த்ததுதான் தாமதம், இழுவைப் படகில் வேலை செய்யும் ஜலாலுதீன் எழுந்து நின்றுவிட்டார். “கப்பல் இவ்ளோ வேகமா போகுது, பின்னால நுரையவே காணோமே லா?” என்று கேட்டார். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். நங்கூரச் சங்கிலி எங்கே என்றார் ஒருவர். நடுக்கடல் காற்றில் புகை ஏன் நேரே மேலே போகிறது என்றார் மற்றவர். அந்தக் கப்பலை மூழ்கடிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும் என்று ஒரு குரல் வந்ததும் திடலே சிரித்து உருண்டது. வாழ்நாளெல்லாம் கப்பலோடு கிடப்பவர்களிடம் கொண்டுபோய்த் தொட்டியைக் காட்டினால் வேறென்ன நடக்கும்? யாருக்கும் கோபமில்லை, நல்ல வேடிக்கை என்றுதான் ரசித்தார்கள். முதலாளிதான் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கரித்துண்டு வந்தது. சிரிப்பு அப்படியே நின்றது.

புரொஜெக்டர் ஓடுகிற கடகட மட்டும். சுந்தரி திரையைப் பார்க்கவில்லை, கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். பிறகு நாலு பேர். பிறகு ஒரு வரிசையே எழுந்தது. போச்சு, கிளம்புகிறார்கள் என்று நினைத்தாள். கூச்சல் போட்டுத் துரத்தியிருந்தால்கூடத் தேவலை, இப்படி வாய்பேசாமல் எழுந்து போவது அதைவிடக் கேவலம் என்று தோன்றியது. பத்து வருஷத்தைத் தன் வாயாலேயே தொலைத்துவிட்டோமே என்று அழுகை வந்தது.

அவர்கள் போகவில்லை. திரையை நோக்கி நடந்தார்கள். துணிக்கு ஐந்தடி தூரத்தில் போய் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், கரிக்கூடைக்காரர்களின் வெளிச்சம் சட்டையில் விழ, மருதப்பன் நின்றான்.

யாரோ ஓர் இளவட்டம், சண்டை முடிஞ்சிடுச்சா, இதுல என்ன இருக்கு என்று கேட்டது. மருதப்பன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்.

“கரி ஏத்தாம எந்தக் கப்பல் சண்டைக்குப் போச்சு? அந்தப் பலகையப் பாரு. கால் வச்சா கீழ போயி மேல எழும்பும். எழும்பற வரைக்கும் நிக்கிறான் பாத்தியா? அப்பறந்தான் அடுத்த கால். அவசரப்பட்டு நடுவுல வச்சான்னா கூடையோட தண்ணிக்குள்ளதான். இத யாரும் சொல்லிக்குடுத்து நடிக்க முடியாது. பதினாறு வயசுல நானும் இப்படித்தான் ஏறுனேன், இந்தத் துறைமுகத்துல.”

பிலிம் முடிந்து துணி வெள்ளையானது. நானூறு பேரும் ஒரே குரலில் மறுபடி போடச் சொன்னார்கள். சண்டை வேண்டாம், அந்தக் கரியை மட்டும் என்றார்கள். அழகப்பன் சுற்றிவிட்டு மறுபடி போட்டான். இந்தத் தடவை கூடையைக் கொட்டுகிறவன் வரும்போது, பாத்து, பாத்து என்று திரையில் இருந்தவனுக்கே எச்சரிக்கை சொன்னார்கள். திட்டுகிற மேஸ்திரியை இவர்களும் திட்டினார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் பார்த்தவனுக்கு ஒருவர் கையைத் தூக்கிச் சலாம் வைத்தார்.

சுந்தரிக்குப் பெருமையாக இருந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. மருதப்பனுடைய வலது தோள் சற்று இறங்கித்தான் இருக்கும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அது ஏன் என்று அவள் கேட்டதே இல்லை. பிறவி என்று நினைத்திருந்தாள், கரிக்கூடை சுமந்து இறங்கிய தோள் என்று இப்போதுதான் புரிந்தது. பிலிமில் கண்ணிமைக்கும் நேரத்து நூலைக் கண்டுபிடித்த தனக்கு, வீட்டுக்குள் இருந்த தோள் தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தாள். அங்கே அவன் இடுப்பில் கை வைத்து, பலகையில் எப்படி நிற்க வேண்டும் என்று நாலு பேருக்கு நடந்து காட்டிக்கொண்டிருந்தான். இவ்வளவு பேசி அவள் பார்த்ததே இல்லை.

முதலாளி பெண்கள் பக்கம் வந்தார். தொப்பி இன்னும் கையில்தான் இருந்தது.

“திங்கக்கிழமை வந்ததும் அந்தக் கரித்துண்டுக்கு ஒரு காப்பி எடுக்கணும்மா. இது கிழிஞ்சிச்சின்னா வேற கிடைக்காது” என்றார்.

“வர்றேன் முதலாளி” என்று சொல்லிவிட்டுச் சுந்தரி எழுந்தாள். “இப்ப அழகப்பன இன்னொரு தடவ போடச் சொல்லுங்க. நான் இத சரியாவே பாக்கல.”

பாய்களுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு, கூட்டத்தைத் தாண்டி, மருதப்பன் பக்கத்தில் போய் நின்றாள்.