ஆய்வுக் கட்டுரையில் ஒரு தாய்மாமன்

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையில் ஒரு சித்தப்பாவின் பெயர் விட்டுப்போனால் அடுத்த தலைமுறைவரை பேச்சுவார்த்தை கிடையாது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பத்திரிகை அவர்களுடையது, சித்தப்பாவும் அவர்களுடையவர். அந்த வழக்கத்தை வானியற்பியலுக்குள் கொண்டுவந்தபோதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. இன்னும் ஆறவில்லை.

உத்திரமேரூருக்கு வெளியே, நெல்வயல்களுக்கு நடுவில் நிற்கும் ஒரு தனியார் கல்லூரியில் நான் இயற்பியல் பேராசிரியர். வானியற்பியல் என் துறை என்று நான் சொல்லிக்கொள்வேன். துறை அப்படி எதுவும் சொன்னதில்லை. நாம் எழுதிய கட்டுரையை மற்ற ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரையில் எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதுதான் எங்கள் உலகத்தில் மரியாதை. அந்தக் கணக்கில் என் எண் இன்னும் என் செருப்பு சைஸை எட்டவில்லை. காட்டியவர்களிலும் பாதிப் பேர் நானே.

என்னோடு வேலை பார்த்த பேராசிரியை நிஜமான ஆராய்ச்சியாளர். திருமுக்கூடல்காரர், என்னைவிடக் கொஞ்சம் இளையவர். விண்வெளித் தொலைநோக்கியின் தகவல்கள் இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் அவற்றை இறக்கி வைப்பேன். அவர் திறந்து பார்ப்பார். ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரட்டை விண்மீன்களை எடுத்துக்கொண்டு, மறைக்கும் நேரம் துளித்துளியாகத் தள்ளிப்போவதைக் கண்டுபிடித்து, கண்ணில் படாத மூன்றாவது ஒன்று அவற்றை இழுக்கிறது என்று தனியாளாகக் கணக்குப் போட்டு எழுதினார்.

எங்கள் கல்லூரியில் எந்தக் கட்டுரையும் அலுவலகம் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். அவருடையதும் போனது. அச்சில் வந்தபோது முதல் பெயர் தாளாளருடையது. அவருக்கு வாலாஜாபாத்தில் அரிசி ஆலை உண்டு. வானத்தை மழைக்காக மட்டும் பார்ப்பவர். இரண்டாவது பெயர் அவருடைய மச்சான், கல்லூரிச் செயலாளர். மூன்றாவது முதல்வர். நான்காவதாக, பத்திரிகையில் ‘மற்றும் உற்றார் உறவினர்’ வருகிற இடத்தில், எழுதியவர்.

கட்டுரை நல்ல கட்டுரை. அதுதான் வினையாகப் போயிற்று. வெளிநாட்டில் பலர் மேற்கோள் காட்டினார்கள், எல்லாரும் ‘தாளாளர் மற்றும் பலர்’ என்றே காட்டினார்கள். எங்கள் துறையில் முதல் பெயர் என்றால் வேலை செய்தவர் என்று அர்த்தம். ஒருவர் தாளாளருக்கே மின்னஞ்சல் எழுதிச் சந்தேகம் கேட்டிருந்தார். தாளாளர் அதைப் பிரிண்ட் எடுத்து என்னிடம் நீட்டினார். “எவனோ வெளிநாட்டுக்காரன் கேட்டுகீறான் சார். இன்னான்னு பாத்து அனுப்பிடுங்க.”

பேராசிரியை பெங்களூரில் ஓர் ஆய்வு மைய வேலைக்கு நேர்காணலுக்குப் போனார். “நான்காவது பெயராக இருக்கிறீர்களே, இதில் உங்கள் பங்கு என்ன?” என்று கேட்டார்களாம். எல்லாமே நான்தான் என்றாராம். சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு அதே மையம் மறுபடி ஆள் எடுத்தது. வயது வரம்புப்படி அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. இரண்டாவது கட்டுரை தயாராக இருந்தது. இந்த முறை அவர் பெயர் முதலில் வரவேண்டும். நான் தாளாளர் அறைக்குப் போனேன்.

“வாங்க சார். பேப்பர் ரெடியாகீதாமே. அந்தத் தபா மாரியே பேரு போட்டுடுங்க. கூட நம்ம பையன் பேரையும் சேத்துக்கோங்க.”

“பையன் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறாரே சார்.”

“படிப்பெல்லாம் முடிஞ்சி போச்சி. பொண்ணு பாத்துகினு கீறோம். பொண்ணு வூட்ல நெட்ல தட்டுனா எதனா வரணுமில்ல?”

“எழுதினது மேடம் சார். அவங்க பேர்தான் முதல்ல வரணும்.”

“இன்னா சார் நீங்க. அந்தம்மா பேரத்தான் போட்டுகீறோமே, வாணான்னா சொன்னோம்? பெரியவங்க இருக்கசொல்ல சின்னவங்க பேர மேல போட்டா பாக்கறவன் இன்னா நினைப்பான்?”

திருடுகிறோம் என்று தெரிந்து திருடுகிறவனிடமாவது சண்டை போடலாம். இவர் மரியாதை தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துறை அறைக்குத் திரும்பி, தாளாளரிடம் சொல்லியிருக்கவேண்டியதை எல்லாம் மேஜையிடம் சொன்னேன். பேராசிரியை கேட்டுவிட்டு, “மேஜை இன்னா சார் பண்ணும், வுடுங்க” என்றார். பிறகு, “காலேஜ் பேரு போட்டாத்தான ஆபீஸ் வழியா போவணும்? வூட்டு அட்ரஸ் போட்டா ஜர்னல்ல ஒத்துக்க மாட்டாங்களா?”

“ஒத்துக்குவாங்க. ஆனா இங்க உங்க வேலை போயிடும்.”

“இங்கயே இருந்தா மட்டும் இன்னா சார் கீது?”

அனுப்பினார். ஒரே பெயர், அவருடையது. அதன் கீழே திருமுக்கூடல் அஞ்சல், காஞ்சிபுரம் மாவட்டம். என் பெயரையும் போடுவதாகச் சொன்னார். நான் நன்றி சொல்லும் பத்தியோடு நிறுத்திக்கொண்டேன். தியாகமெல்லாம் இல்லை. இரண்டு சமன்பாட்டைச் சரிபார்த்து, ஒரு காற்புள்ளியைத் தப்பான இடத்தில் வைத்தவனுக்கு அதுவே அதிகம்.

விஷயம் தெரிந்ததும் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ‘விசுவாசம் இல்லை’ என்பது காரணம். அதைச் சொன்னவர்களை நான் இன்னும் தினமும் காலையில் வணங்கிவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன். எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. அவர் சில மாதம் வீட்டில் இருந்தார். கட்டுரை வெளிவந்தது. பெங்களூரில் இந்த முறை யாரும் பங்கு என்ன என்று கேட்கவில்லை. சேர்ந்துவிட்டார்.

போன வாரம் தாளாளர் கூப்பிட்டார். கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, ஆசிரியர்கள் எழுதிய கட்டுரைகளின் பட்டியலை அவர்களிடம் காட்டவேண்டும்.

“அந்தம்மா பெரிய எடத்துல சேந்துட்சாமே. அந்த ரெண்டாவது பேப்பர நம்ம லிஸ்ட்ல சேத்துடுங்க சார். அத நல்லா கோட் பண்ணிகினு கீறாங்களாம்.”

“அதுல நம்ம காலேஜ் பேரே இல்ல சார். திருமுக்கூடல்னு இருக்கு.”

“திருமுக்கூடல் இன்னா அமெரிக்காவா? நம்ம காலேஜ் பஸ்ஸே போய் வந்துகினு கீது.”

“பஸ் போகும் சார். அந்தப் பேப்பர் அதுல ஏறாது” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பட்டியலில் என் கையால் அது வராது என்றும் சொன்னேன். வெளியே வரும்போது கதவை அறைந்து சாத்தினேன். ஏசி அறைக் கதவு. எவ்வளவு வேகமாக இழுத்தாலும் மெதுவாகத்தான் மூடுகிறது. அது மூடி முடிக்கும்வரை அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.