யேசுரட்ணத்தின் அளவுக்கு வெட்டிய துவக்கு

யேசுரட்ணம் துவக்குப் பூட்டப் பழகியது கோப்பிக்கும் கேக்குக்கும் ஆசைப்பட்டுத்தான். இதை அவருடைய முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். அவர் மறுத்ததில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு, டென்மார்க்கில் பிராண்டே என்ற ஊரில், ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். யேசுரட்ணம் மன்னார்க்காரர். ஊரில் கூட்டுறவுக் கடையில் அரிசி நிறுத்தவர். திருகாணி முடுக்கும் திருப்புளியைப் பிடித்தே அறியாதவர். பாலேந்திரா யாழ்ப்பாணம். எங்களில் கார் ஓட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பதால் வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். மூன்றாவது ஆள் நான். மூவருக்கும் வதிவிட அனுமதி கிடைத்து, ஒரே தளபாடத் தொழிற்சாலையில் கதிரைக் கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். யேசுரட்ணத்துக்கு மட்டும் ஊரில் மனைவி. பெயர் அமலராணி. அவளைக் கூப்பிட விண்ணப்பித்துவிட்டு அவர் காத்திருந்தார்.

மாலை வகுப்பில் டெனிஷ் படிப்பித்த ஆசிரியை, இந்த நாட்டில் மனிதரோடு பழக வேண்டுமென்றால் ஏதாவது ஒரு ஃபோரெனிங்கில், அதாவது சங்கத்தில், சேரத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். நானும் பாலேந்திராவும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யேசுரட்ணம் போட்டுக்கொண்டார். கைப்பந்துக்குப் போனார்; அங்கே நின்ற பெண்பிள்ளைகளே அவரைவிட ஒரு முழம் உயரம். உடற்பயிற்சிச் சங்கத்தில் இறுக்கமான காற்சட்டை போடச் சொன்னார்கள். அன்றே திரும்பி வந்துவிட்டார். மிஞ்சியது, பள்ளிக்கூடத்து நிலவறையில் செவ்வாய்க்கிழமைகளில் கூடும் துவக்குச் சங்கம். நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டு தூரத்திலிருக்கும் கடுதாசி வட்டத்தைச் சுடுவார்கள். பிறகு மேசையைச் சுற்றி இருந்து கேக் தின்று கோப்பி குடிப்பார்கள். படுத்துக்கொண்டே விளையாடலாம் என்றதும் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துவக்குக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்த மனிதர், இங்கே வந்து காசு கட்டித் துவக்குத் தூக்குவதாவது? விசரோ என்று கேட்டேன்.

"இஞ்ச ஆரும் ஆரையும் சுடேல்லையடா தம்பி," என்றார் அவர். "கடுதாசியைத்தான் சுடினம். சுட்டுப்போட்டு, எவ்வளவு விலகினதெண்டு தாங்களே போய்ப் பாக்கினம்."

ஆனால் அவர் சுட்டது எதுவும் கடுதாசியில் படவில்லை. சங்கத்துத் துவக்குகள் எல்லாம் டெனிஷ்காரரின் உடம்புக்குச் செய்தவை. அடிக்கட்டையைத் தோளில் வைத்தால் அவருடைய விரல் விசைக்கு எட்டாது. எட்டிப் பிடித்தால் தோள் விலகிவிடும். அவருக்கு இந்த நாட்டில் கிடைத்த எல்லாமே அப்படித்தான் இருந்தன. செஞ்சிலுவைக்காரர் கொடுத்த மேலங்கி முழங்காலுக்குக் கீழே தொங்கியது. சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை போட்டும் கால் ஆடியது.

சங்கத்தின் துவக்குகளுக்குப் பொறுப்பாக இருந்தவள் இங்கர் என்ற பெண். யேசுரட்ணத்தின் வயதுதான் இருக்கும். பகலில் முதியோர் இல்லத்தில் சமையல். இவர் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, பெட்டகத்தில் ஒரு பழைய துவக்கு பாகம் பாகமாகக் கிடக்கிறது, அதை உன் அளவுக்கு நீயே பூட்டு என்றாள். துவக்கு சங்கத்தின் பெயரில், சங்கத்தின் அனுமதியில், சங்கத்தின் பெட்டகத்தில்தான் இருக்கும். அளவு மட்டும் உன்னுடையது என்றாள்.

முதன்முதலாகத் துவக்குப் பூட்டுகிறவருக்கு அவள் சொன்ன புத்திகளை யேசுரட்ணம் இரவுச் சாப்பாட்டோடு எங்களுக்கும் பரிமாறினார். கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்டது. கையில் எடுத்ததும் முதலில் உள்ளே குண்டு இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். இப்போதுதான் பார்த்தேன் என்பது கணக்கில் இல்லை. மேசையில் வைத்துவிட்டு மூக்கைச் சொறிந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும். குழலும் அதன் பின்னால் குண்டு இருக்கும் பூட்டும் பொருந்துகிற இடத்தில் புதிதாகப் பழகுகிறவன் கை வைக்கவே கூடாது. அதைப் பொருத்தவும் சோதிக்கவும் பட்டறையில் அனுமதிபெற்ற ஆள் இருக்கிறான். இங்கரே அதற்கு ஹேர்னிங் நகரத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். தெரியாததை விட்டுவைப்பதுதான் பாதி வேலை என்பாளாம்.

மிச்ச வேலையில் எங்கள் ஆள் தன் கைவரிசையைக் காட்டினார். திருகாணியை இறுக்கச் சொன்னால், மூட்டையை வாய்கட்டுகிறவர் மாதிரி முழுப் பலத்தோடு இறுக்கினார். கட்டையில் மயிரிழையாக ஒரு வெடிப்பு விழுந்தது. இங்கர் அதைப் பசைபோட்டு ஒட்டி, கை நின்றதும் நிறுத்து, தோள் உதவிக்கு வரக் கூடாது என்றாள். எண்ணெய் பூசச் சொன்னால் குளிப்பாட்டினார். துடைக்கவே ஒரு செவ்வாய்க்கிழமை போயிற்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதே, ஒன்றை மாற்று, சுட்டுப் பார், பிறகு அடுத்ததைத் தொடு என்றும் சொல்லியிருந்தாள். இல்லையென்றால் எது பிழைத்தது என்று தெரியாதாம்.

பெரிய சிக்கல் அடிக்கட்டையில்தான் வந்தது. அதை இரண்டு விரற்கடை வெட்டிக் குறைக்க வேண்டும். வாளைக் கையில் எடுத்த யேசுரட்ணம் வெட்டாமல் நின்றார். நல்ல வால்நட் மரம். தனக்கு வேண்டும் என்பதற்காக அடுத்தவன் பொருளை வெட்டலாமா என்று யோசித்தாராம். வெட்டாமல், செருப்புக்கு அடியில் கட்டை வைப்பது மாதிரி விரலில் எதையாவது கட்டித் தன்னை நீட்டிக்கொள்ள முடியுமா என்றுகூடக் கேட்டிருக்கிறார். இங்கர் சிரிக்கவில்லை.

"இது யாருக்குத் துவக்கு?" என்று கேட்டாள்.

"எனக்கு."

"அப்படியென்றால் துவக்கைத்தான் வெட்ட வேண்டும். உன்னை இழுத்து நீட்ட முடியாது."

வெட்டினார். அடுத்த வாரம் படுத்துக்கொண்டு தோளில் வைத்தார். விரல் தானாகப் போய் விசையில் இருந்தது. சுட்ட குண்டுகள் எல்லாம் கடுதாசியில் விழுந்தன. நடுவில் இல்லை, ஆனால் கடுதாசியில். வீட்டுக்கு வந்து, டென்மார்க்குக்கு வந்த பிறகு என் அளவுக்கு இருக்கிற முதல் சாமான் இதுதான் என்றார். மனிதரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் கண்டதில்லை.

இனித்தான் விஷயமே. அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் ஊருக்குப் படம் அனுப்புவோம். பனியில் நின்று ஒன்று. யாருடையதோ காரில் சாய்ந்து ஒன்று. எங்களுக்குச் சொந்தமில்லாத எதன் பக்கத்திலும் நின்று படம் எடுப்போம். அப்போதுதான் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்கள். யேசுரட்ணமும் அனுப்பினார். பனிப்படத்தில் தொப்பியும் கழுத்துத்துணியும்தான் தெரிந்தன. கார்ப்படத்தில் கார் தெரிந்தது. கலியாணப் படங்களோ ஊரில் வீடு எரிந்தபோது போய்விட்டன. அமலராணி எழுதிவிட்டாள், நீங்கள் போய் இரண்டு வருசமாகிறது, முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்புங்கள் என்று.

முகம் தெளிவாகத் தெரிகிற படம் ஒன்றுதான் அவரிடம் இருந்தது. துவக்குப் பூட்டி முடித்த அன்று நிலவறை விளக்கின் கீழ் இங்கர் எடுத்தது. தொப்பி இல்லை, மேலங்கி இல்லை, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. குறுக்கே நெஞ்சோடு அணைத்தபடி துவக்கு.

ஞாயிற்றுக்கிழமை சோறு தின்னும்போது, மனிசிக்கு நல்ல படமொன்று அனுப்பிவிட்டேன் என்றார். எந்தப் படம் என்று பாலேந்திரா கேட்டான். அவர் சொன்னார். சொல்லி முடிக்குமுன்னமே அவருக்கு விளங்கிவிட்டது. கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"அண்ணை," என்றான் பாலேந்திரா, "மன்னாருக்கோ அனுப்பினனியள்?"

எண்பத்தாறு, மன்னார். நகரத்துத் தபால்கந்தோரில் போய்த்தான் கடிதம் எடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் பாலத்தடியில் இராணுவச் சோதனை. பஸ்ஸால் இறக்கிப் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். புருசன் வெளிநாட்டில் துவக்கோடு நின்று சிரிக்கிற படம் ஒரு பெண்ணின் கையில் இருந்தால் இயக்கக்காரன் பெண்சாதி என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அது கடுதாசி சுடும் துவக்கு, பள்ளிப் பிள்ளைகளும் சுடுவார்கள் என்று அங்கே யாருக்குப் போய் விளங்கப்படுத்துவது? புத்தி சொல்லிச் சொல்லியே சாப்பாட்டைக் கெடுத்த மனிதர், இந்த ஒன்றை யோசிக்கவில்லையே என்று எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. அவரை அடித்திருப்பேன், அவர் ஏற்கெனவே அழாமல் இருந்திருந்தால்.

ஊரில் தொலைபேசி இல்லை. தந்தி அடிக்கலாம் என்றான் பாலேந்திரா. என்னவென்று அடிப்பது? படத்தை எரி என்றால் தந்திக்காரனே ஆமியைக் கூட்டிவருவான். கடிதத்தைத் திறக்காதே என்றால் எந்த மனைவி திறக்காமல் இருப்பாள்? மூன்று பேரும் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில், சுகம், கடிதம் கவனம் என்று அடித்தோம். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் சங்கத்துக்குப் போவதை விட்டுவிட்டார். இங்கர் தேடிவந்தாள். கதையைச் சொன்னோம். முதலில் அவளுக்குப் பிடிபடவே இல்லை. தன் தாயின் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே தான் துவக்கோடு நிற்கும் படந்தான் இருக்கிறது என்றாள். பிடிபட்டதும், படத்தை எடுத்தவள் நான்தானே என்று சொல்லிக் கதிரையில் இருந்துவிட்டாள். அந்தத் துவக்கை வேறு பெரியவர் யாருக்கும் கொடுக்க முடியவில்லை, கட்டை குட்டை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்தான் அதற்காகத் தங்களுக்குள் சண்டை பிடித்தார்களாம்.

ஒரு மாதத்துக்கும் மேலாக ஒன்றும் வரவில்லை. யேசுரட்ணம் வேலையில் ஒரே கதிரைக் காலைத் தேயத் தேயத் தேய்த்தார். பிறகு ஒரு கடிதம் வந்தது. நான் சுகம், உங்கள் கடிதமும் தந்தியும் கிடைத்தன, பயணத்துக்கு ஆயத்தம் செய்கிறேன் என்று எழுதியிருந்தாள். படத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவரும் கடிதத்தில் கேட்கத் துணியவில்லை. அவள் உயிரோடு இருந்தாள். எங்களுக்கு அது போதும்.

அந்த வருசம் ஐப்பசியில் அவள் வந்தாள். பாலேந்திரா அப்போதுதான் வாங்கிய பழைய காரில் மூவரும் பில்லுண்ட் விமான நிலையத்துக்குப் போனோம். வெளியே வந்தவள் எங்களைக் கண்டும் கிட்ட வராமல், பையைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கப்படுகிறாள் என்று பாலேந்திரா என்னை இடித்தான். யேசுரட்ணம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் நடந்து வந்தாள்.

திரும்பும்போது பொழுதுபட்டுவிட்டது. நான் முன்னால் இருந்தேன். அவர்கள் பின்னால், நடுவில் பை. கொஞ்ச நேரம் பயணத்தைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு அவர் மெதுவாக, அந்தப் படம் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றாள்.

"எரிச்சனீரோ?"

"பஸ்ஸுக்குள்ள நெருப்புக்கு நான் எங்க போறது? திண்டனான்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆசையில் பஸ்ஸிலேயே கடிதத்தை உடைத்திருக்கிறாள். பாலம் கிட்டிவிட்டது. துவக்கைத்தான் முதலில் கிழித்துத் தின்றாளாம், பிறகு அதைப் பிடித்திருந்த கைகளை. தொண்டையில் குத்தியதாம். பக்கத்தில் இருந்த மனிசி ஒன்றும் கேட்காமல் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்திருக்கிறாள்.

"முகத்தை வச்சிருக்கலாமெண்டுதான் பாத்தன். கிழிஞ்ச படத்தைக் கண்டால் மிச்சம் எங்கையெண்டு கேப்பாங்கள். அதையும் திண்டிட்டன்."

நல்ல வேலை செய்தீர் என்றார் யேசுரட்ணம்.

"நல்ல வேலைதான். ஆனா அதுக்குப் பிறகு எவ்வளவு நினைச்சுப் பாத்தாலும் உங்கட முகம் எனக்கு வரேல்லை. இப்ப எயார்போட்டில மூண்டு பேர் நிண்டியள். ஆரெண்டு தெரியேல்லை. ஆர் என்ரை பேரைச் சொல்லுறதெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

யேசுரட்ணம் தொப்பியைக் கழற்றினார். கையை எட்டிக் காருக்குள் இருந்த விளக்கைப் போட்டார். முன்கண்ணாடியில் ரோட்டுக்குப் பதிலாக எங்கள் முகங்கள் தெரிந்தன.

"அண்ணை, லைற்றை நூருங்கோ, றோட்டுத் தெரியேல்லை," என்றான் பாலேந்திரா.

"மெதுவா ஓடு," என்றார் அவர். அவள் பக்கமாக முழுதாகத் திரும்பி இருந்தார். பிராண்டே வரும்வரை அந்த விளக்கு எரிந்தது.