தாளில் பெஹாலா, திரையில் டாக்குரியா

போன வருடம், வேலைக்காக மதுரையிலிருந்து கொல்கத்தா வந்த புதிது. பாலிகஞ்சில் அலுவலகம். வீட்டிலேயே சிகிச்சை பெறும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்புவது எங்கள் வேலை. காலையில் எக்ஸெல் கோப்பில் ‘ரெஃப்ரெஷ்’ பட்டனை அழுத்தினால், அதில் எழுதிவைத்த மேக்ரோ என்னும் சின்ன நிரல் ஓடி சர்வரிலிருந்து அன்றைய முகவரிகளைக் கொண்டுவரும். அடுத்த பட்டனில் அச்சாகும். வண்டி கிளம்பும்.

அன்று நான் கொடுத்த தாளை நம்பி வண்டி பெஹாலா போனது. வீடு பூட்டியிருந்தது. அங்கிருந்த நோயாளிப் பெரியவரை முந்தைய நாளே, ஊரின் இன்னொரு பகுதியான டாக்குரியாவில் உள்ள மகள் வீட்டுக்கு மாற்றிவிட்டார்களாம். இருக்கும் சிலிண்டர் தீரப்போகிறது என்று மகள் போனில் அழுதபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறு வண்டி பிடித்து அனுப்பினோம். நல்லவேளை, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பயம் போனதும் குடைச்சல் ஆரம்பித்தது. கோப்பைத் திரும்பப் பார்த்தால், தாளில் பெஹாலா, திரையில் டாக்குரியா! ஒரே கோப்புதானே? சோதனைக்குச் சர்வரில் ஒரு முகவரியை மாற்றிவிட்டு மேக்ரோவை வரி வரியாக ஓட்டினேன். சரியாக வந்தது. இன்னொன்றை மாற்றிப் பட்டனைத் தட்டினேன். பழையதே அச்சானது.

எனக்கு முன் இந்த வேலையைப் பார்த்தவர், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்; வங்காளத்தில் அக்காவைக் கூப்பிடுவது போல அவரை ‘தீதி’ என்போம். "அரே பாபா, உன் கைராசி அப்படி! நான் பண்ணினா ஒருநாளும் தப்பா வந்ததில்லையே" என்று கேலி செய்தார்.

"அப்போ நீங்களே பண்ணுங்க தீதி, நான் பாக்கறேன்" என்றேன்.

சர்வரில் மூன்றாவதாக ஒரு முகவரியை மாற்றிக் கொடுத்தேன். அவர் ரெஃப்ரெஷை அழுத்தினார். எழுந்து வாசலுக்குப் போய் மண் குவளையில் டீ குடித்தார். டீக்கடைக்காரரோடு கால்பந்து பற்றி ஒரு சண்டை போட்டார். திரும்பி வந்து அச்சிட்டார். புது முகவரி!

நானோ இரண்டு பட்டனையும் அடுத்தடுத்துத் தட்டுகிறவன். மேக்ரோ சர்வரிடம் விவரத்தைக் கேட்டுவிட்டு, அது வருவதற்குள் தன் வேலை முடிந்ததென்று ஒதுங்கிவிடுகிறது. பதில் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருக்கும்போதே பழையதை அச்சிட்டிருக்கிறேன். வரி வரியாக ஓட்டியபோது அதற்கு நேரம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். விவரம் வந்து சேரும்வரை காத்திருக்கும்படி மேக்ரோவில் ஒரே ஒரு வார்த்தையை மாற்றினேன்.

மாலையில் அந்த மகளுக்குப் போன் செய்து, அப்பா எப்படியிருக்கிறார் என்று கேட்டேன். அவர் உடனே பேசவில்லை. வழக்கமாக அந்த இடைவெளியில் நானே நாலு ஆறுதல் வார்த்தை சொல்லி போனை வைத்துவிடுவேன். அன்று பேசாமல் இருந்தேன். கொஞ்சம் பொறுத்து, நிம்மதியாகத் தூங்குகிறார் என்றார். பிறகு, பகலெல்லாம் தான் எவ்வளவு பயந்தார் என்பதையும் சொன்னார். யாரையாவது ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருப்பது எவ்வளவு பெரிய காரியம்! அதை இன்றும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.