அக்கா வைத்த மூன்றாவது தட்டு

அக்காவின் நினைவாக வெளியிடும் இம்மலரில் அவருடைய பள்ளி ஆண்டு விழாப் படம் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்ட உறவினர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அக்கா திருச்சியில் பிறந்தவர். அத்தானின் ராணுவ வேலையால் புனே வந்து, வானவடியில் குடியேறி, அருகிலிருந்த பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. அத்தான் மறைந்தபின் தனியாகவே வாழ்ந்தார். ஞாயிறுதோறும், புனேயிலேயே கராடி பகுதியில் இருக்கும் நான் மதியச் சாப்பாட்டுக்குப் போவேன்.

சென்ற ஆண்டு பின்னறையை, உகாண்டாவிலிருந்து பார்மசி படிக்க வந்த ரூத் என்ற மாணவிக்கு வாடகைக்கு விட்டார். அக்காவின் குடியிருப்புச் சொசைட்டியில் பேச்சு கிளம்பியது. ஆப்பிரிக்கர்கள் போதை மருந்து விற்பார்கள், கண்ட ஆண்கள் வந்துபோவார்கள் என்றார்கள். ரூத்தைத் தேடி யாரும் வந்ததில்லை. இருந்தும், மாலையில் அக்காவுடன் தோட்டத்துப் பெஞ்சில் உட்காரும் பெண்கள் வேறு பெஞ்சுக்கு மாறினார்கள். சொசைட்டிச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, ரூத்தைக் காலி செய்யவைக்கச் சொன்னார். நானும் அக்காவிடம் பேசினேன்.

"அந்த ஆளுங்களப் பத்தி உனக்குத் தெரியாதுக்கா."

"உனக்கு எத்தனை பேரத் தெரியும்?"

"யாரையும் தெரியாது. எல்லாரும் சொல்றாங்க."

"அந்த எல்லாருக்கும் சொல்லிக் குடுத்ததே நான்தான்டா."

அலமாரியிலிருந்து ஆண்டு விழாப் படங்களை எடுத்து வைத்தார். முகத்தில் கரி, இடுப்பில் வைக்கோல், கையில் ஈட்டியுடன் 'ஆப்பிரிக்க நடனம்' ஆடும் குழந்தைகள். கரி பூசியதும், கண்ணை உருட்டிப் பயமுறுத்தக் கற்றுக்கொடுத்ததும் அக்கா. முன்வரிசையில் சிறுவனாக இன்றைய செயலாளர். இன்னொரு படத்தில் என் மகள்.

"ஒரு ஆப்பிரிக்கரைக்கூடப் பார்க்காமலே ஆட வச்சேன். கைதட்டுனாங்க. ரூத் இங்கதான் இருப்பா."

சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். என் நாட்குறிப்பில் அடுத்த பதினோரு ஞாயிறுகளுக்கும் 'வேலை' என்று இருக்கிறது. வேலை எதுவும் இல்லை.

பன்னிரண்டாம் ஞாயிறு காலை ரூத் போன் செய்தார். அக்காவுக்கு மூச்சுத் திணறல். ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றிருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மருத்துவர்களுக்கும், ஆட்டோ பிடித்துவந்த காவலாளிக்கும், காரியங்களுக்கு வந்து நின்ற உறவினர்களுக்கும் நன்றி. அந்தப் பதினோரு ஞாயிறுகளிலும் அக்கா மூன்று தட்டுகள் வைத்து, ஒன்றரை மணிவரை எனக்காகக் காத்திருந்தாராம். நான் கேட்டபின்தான் ரூத் இதைச் சொன்னார். அக்காவைத் தனியே சாப்பிட விடாத அவருக்கு என் நன்றி.